பிடித்த வரியும் கழிக்கும் செலவும்: சுயதொழில் செய்பவரின் வருமான வரிக் கணக்கு

கொழும்புக் கொம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே மென்பொருள் எழுதுபவர், கட்டட வரைபடம் கீறிக் கொடுக்கும் பொறியியலாளர், வீடு கட்டும் கொந்தராத்துக்காரர், ரியூற்றரிகளில் மணித்தியாலக் கணக்கில் படிப்பிக்கும் ஆசிரியர், கனடாவில் இருக்கும் நிறுவனத்துக்கு வடிவமைப்புச் செய்து டொலரில் காசு வாங்கும் இளைஞர். இவர்களில் யாரும் யாருக்கும் ஊழியர் அல்ல. வேலையை ஒப்புக்கொண்டு, முடித்துக் கொடுத்து, கூலியை வாங்குகிறார்கள். 2025 ஏப்ரலில் வரி விதிகள் மாறிய பிறகு இவர்களுக்குள் மூன்று பேச்சு உலவுகிறது. "கட்டணத்தைத் தரும்போதே வரியென்று 5 வீதம் வெட்டியாச்சு, இனி ஒன்றும் கட்டத் தேவையில்லை" என்பது ஒன்று. "டொலரில் வந்தால் 15 வீதம் அப்படியே போய்விடும்" என்பது இன்னொன்று. "வருசத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் பாங்கில் விழுந்தால் பிடிபட்டோம்" என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றுமே தவறான முடிவுக்குக் கொண்டுபோகின்றன.

இந்த விடயத்துக்கான இலங்கைச் சட்டம் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். அதை அண்மையில் மாற்றியது 2025 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். கீழே வரும் எண்கள் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்கு, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான காலத்துக்கு உரியவை.

## ஊழியருக்கு இல்லாத வசதி

மாதச் சம்பளக்காரருக்கு வரி எளிது. சம்பளம் மாதம் 150,000 ரூபாவைத் தாண்டினால் முதலாளியே வரியைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டிவிடுவார். ஆனால் அந்தச் சம்பளக்காரர் வேலைக்குப் போய்வரும் பெற்றோல் செலவையோ, சொந்தக் காசில் வாங்கிய லப்டொப்பையோ கணக்கில் காட்டிக் கழிக்க முடியாது. சம்பள வருமானத்துக்குச் செலவுக் கழிவு கிடையாது.

சுயதொழில் செய்பவரைச் சட்டம் ஒரு வியாபாரமாகப் பார்க்கிறது. வியாபாரத்துக்கு வரி இலாபத்தின் மீதே. கைக்கு வந்த காசு வரவு மட்டும்தான், அதை உழைக்கச் செலவானதைக் கழித்த பிறகுதான் வருமானம். பாங்கில் விழுந்த தொகையை, வரி இல்லாத எல்லையான 18 இலட்சத்தோடு ஒப்பிடுவது இங்கேதான் பிழைக்கிறது. ஒப்பிட வேண்டியது இலாபத்தை.

இதில் ஓர் எச்சரிக்கை. ஒப்பந்தத்தில் "ஆலோசகர்" என்று எழுதிவிட்டால் மட்டும் ஒருவர் சுயதொழிலாளர் ஆகிவிடுவதில்லை. காலை எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குப் போகச் சொல்லி, நிறுவனத்தின் கணினியைக் கொடுத்து, லீவுக்கும் அனுமதி கேட்க வைத்தால், எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அது ஊழியம்தான் என்று திணைக்களம் சொல்ல இடமுண்டு. அப்போது செலவுக் கழிவும் போய்விடும். ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம் கட்டுவதைத் தவிர்ப்பதற்காக இந்தப் பெயர்மாற்றத்தைச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. நட்டம் வேலை செய்பவருக்கு.

## கணக்கு ஓடும் ஒழுங்கு

பெரும்பாலான குழப்பம் தீர, எது எந்தப் படியில் கழிகிறது என்று பார்த்தாலே போதும்.

1. மொத்த வரவிலிருந்து தொழில் செலவுகள் கழியும். மிஞ்சுவது இலாபம்.
2. இலாபத்திலிருந்து தனிநபர் நிவாரணம் கழியும். இது 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 1,800,000 ரூபா. முன்பு 1,200,000. மிஞ்சுவது வரிக்குரிய வருமானம். சம்பளம், சுயதொழில், வாடகை என்று மூன்று வழியில் உழைத்தாலும் நிவாரணம் ஒன்றுதான்.
3. வரிக்குரிய வருமானத்துக்குப் படிப்படியான வீதத்தில் வரி: முதல் 1,000,000 ரூபாவுக்கு 6 வீதம், அடுத்த 500,000 க்கு 18, அடுத்த 500,000 க்கு 24, அடுத்த 500,000 க்கு 30, அதற்கு மேல் எல்லாவற்றுக்கும் 36.
4. வந்த வரியிலிருந்து, ஏற்கெனவே பிடிக்கப்பட்ட வரி கழியும். மிஞ்சினால் கட்ட வேண்டும். கூடுதலாகப் பிடிபட்டிருந்தால் திரும்பக் கேட்கலாம்.

முதல் படியில் 100 ரூபா கழித்தால் 100 ரூபா மிச்சமாவதில்லை. நீங்கள் நிற்கும் வீதத்தைப் பொறுத்து 6 ரூபாவோ 36 ரூபாவோதான் மிச்சம். வரியைக் குறைக்கவென்று தேவையில்லாத பொருளை மார்ச் மாதக் கடைசியில் ஓடிப்போய் வாங்குவது அதனால்தான் மோசமான யோசனை: 36 ரூபா மிச்சம் பிடிக்க 100 ரூபா செலவழிப்பது. நான்காம் படியில் கழியும் 100 ரூபா மட்டும் முழுதாக 100 ரூபா.

## எந்தச் செலவு கழியும்

சட்டத்தின் அளவுகோல் ஒன்றே: அந்த ஆண்டில், வருமானத்தை உழைப்பதற்காக, எந்த அளவுக்குச் செலவானதோ அந்த அளவுக்குக் கழிக்கலாம். "அந்த அளவுக்கு" என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டு முன்னறையில் வேலை செய்பவர் வீட்டின் முழு மின்கட்டணத்தையும் காட்ட முடியாது. அந்த அறைக்கும் அதில் ஓடும் கணினிக்கும் போகும் பங்கை நியாயமாகப் பிரித்து, எப்படிப் பிரித்தார் என்பதை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். இணையக் கட்டணம், கைத்தொலைபேசி, மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோல் எல்லாம் இதே மாதிரித்தான்.

வீடு பற்றிச் சொல்லும்போது ஒரு யாழ்ப்பாணப் பிரச்சினையும் வருகிறது. இங்கே பல வீடுகள் சீதன வீடுகள், உறுதி மனைவியின் பெயரில். "மனைவிக்கு வாடகை கொடுக்கிறேன்" என்று செலவு எழுதலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி எழுதினால் அது மனைவியின் வாடகை வருமானமாகி அவருடைய கணக்கில் ஏற வேண்டும். உண்மையில் காசு கைமாறாமல் கடதாசியில் மட்டும் மாறினால் கேள்வி எழும்போது நிற்காது.

கடன் வட்டி கழியும், கடன் முதல் கழியாது. அதுவும் கடன் தொழிலுக்குப் போயிருந்தால்தான். நகையை அடகு வைத்துக் கொங்கிறீற் மிக்சர் வாங்கியவர் அந்த வட்டியைக் கழிக்கலாம், அடகுச் சீட்டையும் மிக்சர் வாங்கிய பில்லையும் சேர்த்து வைத்திருந்தால். அதே அடகுக் காசில் பாதி மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போயிருந்தால் பாதி வட்டிதான் கழியும்.

லப்டொப், பிரிண்டர், அலுவலக மேசை கதிரை போன்று பல ஆண்டு உழைக்கும் பொருட்களின் விலையை வாங்கிய ஆண்டிலேயே முழுதாகக் கழிக்க முடியாது. மூலதனக் கழிப்பனவு என்ற பெயரில் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்க வேண்டும். தொழிலுக்கு வைத்திருக்கும் கட்டடத்துக்கு 20 ஆண்டு. பயணக் கார் வாங்கினால், அது வாடகைக்கு ஓடும் வாகனமாக இல்லாதவரை, இந்தக் கழிப்பனவே இல்லை. "வேலைக்குத்தானே வாங்கினேன்" என்பது எடுபடாது.

கழியாதவற்றைச் சுருக்கமாகச் சொன்னால்: வீட்டுச் செலவு, தனக்குத் தானே எடுத்த "சம்பளம்", வருமான வரி, பொலிஸ் தண்டப்பணம் போன்ற அபராதங்கள், விருந்து உபசாரம். கோயில் திருப்பணிக்குக் கொடுத்த காசும் இந்தப் பட்டியலில்தான். நோயாளரையும் வறியவரையும் பராமரிக்கும், அரசால் அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனங்களுக்குக் கொடுப்பதற்குத்தான் சலுகை, அதற்கும் ஆண்டுக்கு 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொரு பங்கு, இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை.

மருத்துவச் செலவு, பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் வட்டி ஆகியவற்றுக்கு 2020 இல் ஒரு நிவாரணம் வந்தது. 2023 முதல் அது இல்லை. பழைய நினைப்பில் இன்னும் ஆஸ்பத்திரி பில் சேர்த்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். கூரையில் சூரியத் தகடு பூட்டி மின்வலையமைப்போடு இணைத்தவருக்கு மட்டும் ஆண்டுக்கு 600,000 ரூபா வரை நிவாரணம் உண்டு.

## ஒரு ஆண்டின் கணக்கு

கொக்குவிலில் இருந்து கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் ஒருவரை எடுப்போம். மாதம் 300,000 ரூபா கட்டணம், ஆண்டுக்கு 3,600,000. அவருடைய செலவு இப்படி:

1. சிறு அறை வாடகை, மாதம் 15,000 படி: 180,000
2. பகுதிநேர உதவியாளருக்கு, மாதம் 20,000 படி: 240,000
3. மின்சாரம், இணையம்: 90,000
4. மென்பொருள் சந்தா: 70,000
5. வேலைப் பயணம்: 40,000
6. 400,000 ரூபா லப்டொப்பின் ஐந்தில் ஒரு பங்கு: 80,000

மொத்தம் 700,000. இலாபம் 2,900,000. நிவாரணம் 1,800,000 போக வரிக்குரியது 1,100,000. முதல் 1,000,000 க்கு 60,000 ரூபா, மிச்ச 100,000 க்கு 18,000. ஆண்டு வரி 78,000.

நிறுவனம் ஒவ்வொரு மாதமும் 5 வீதம், அதாவது 15,000 ரூபா பிடித்திருக்கும். ஆண்டுக்கு 180,000. வர வேண்டிய வரி 78,000 தான். ஆக, 102,000 ரூபா அவருக்குத் திரும்ப வர வேண்டும்.

சரி, அதே ஆள் ஒரு பில்லும் வைத்திருக்கவில்லை, செலவே காட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரியது 1,800,000 ஆகிறது. வரி 60,000, 90,000, 72,000 என்று மொத்தம் 222,000. பிடித்தது போக இன்னும் 42,000 கட்ட வேண்டும். ஒரே உழைப்பு, ஒரே செலவு. பில் வைத்திருந்தவருக்கு 102,000 வரவு, வைக்காதவருக்கு 42,000 கடன்.

## அந்த 5 வீதம் என்ன

இதற்கு நிறுத்திவைத்தல் வரி என்று பெயர். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, மென்பொருள் எழுதுநர், விரிவுரை செய்பவர், தேர்வு மேற்பார்வையாளர், தரகுப்பணம் வாங்கும் காப்புறுதி முகவர் போன்ற, ஊழியர் அல்லாத தனிநபருக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் சேவைக் கட்டணம் கொடுத்தால் கொடுப்பவர் 5 வீதம் பிடிக்க வேண்டும். பிடிப்பது மொத்தக் கட்டணத்தில், இலாபத்தில் அல்ல. உங்கள் செலவு எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

எனவே இது முற்பணம் மட்டுமே. செலவு கூடிய, இலாபம் குறைந்த தொழிலுக்கு 5 வீதம் அதிகம். மாதம் பத்து இலட்சம் உழைத்து 36 வீதப் படியில் நிற்பவருக்கு 5 வீதம் ஒரு மூலைக்கும் காணாது. "வெட்டியாச்சு, முடிஞ்சுது" என்று இருப்பவர் முதல் வகையாக இருந்தால் தன் காசை விட்டுவிடுகிறார், இரண்டாம் வகையாக இருந்தால் கடனை வளர்க்கிறார்.

பிடித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைக் கொடுப்பவரிடம் முதலே கொடுத்துவிடுவதும் முக்கியம், இல்லாவிட்டால் பிடித்த காசு உங்கள் பெயரில் ஏறாமல் எங்கோ நிற்கும்.

## கொந்தராத்துக்காரரின் தனிக் கதை

வீடு கட்டுபவருக்கு வீட்டுக்காரர் காசு கொடுக்கும்போது பெரும்பாலும் எதுவும் பிடிக்கப்படுவதில்லை. அவருக்குச் சிக்கல் வேறு. கோண்டாவிலில் சாமானோடு 12,000,000 ரூபாவுக்கு ஒரு வீட்டை ஒப்புக்கொண்டவருக்குச் சீமெந்து, கம்பி, மணல், மரம், கூலி எல்லாம் சேர்த்து 10,800,000 முடிந்தது என்போம். இலாபம் 1,200,000. வேறு வருமானம் இல்லாவிட்டால் அது நிவாரணத்துக்குள் அடங்கும், வரியே இல்லை.

ஆனால் அந்த 10,800,000 இல் 4,000,000 மேசன்மாருக்கும் கையாட்களுக்கும் சனிக்கிழமை பின்னேரம் கையில் எண்ணிக் கொடுத்த கூலி. ஒரு துண்டும் இல்லை. பாங்க் கணக்கில் 12,000,000 வந்தது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. கூலியை நிரூபிக்க முடியாவிட்டால் இலாபம் 5,200,000 என்றாகும். நிவாரணம் போக 3,400,000. வரி 744,000. உழைத்த 1,200,000 இல் பாதிக்கு மேல் இல்லாத இலாபத்துக்கான வரியாகப் போய்விடும்.

இதைத் தடுக்கப் பெரிய கணக்காளர் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு கூலிச் சீட்டு போதும்: வேலையாளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த நாட்கள், நாட்கூலி, மொத்தம், கையொப்பம். மணலும் கல்லும் இறக்கும் லொறிக்காரர் பில் தராவிட்டால் அவருக்கும் இதே சீட்டு, வாகன இலக்கத்தோடு. யாழ்ப்பாணத்தில் கட்டட வேலை செய்பவருக்கு வரி வீதத்தைவிட இந்தச் சீட்டுப் புத்தகம்தான் வரியைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்று: சாமானை வீட்டுக்காரர் தானே வாங்கித் தருகிறார், கொந்தராத்துக்காரர் கூலி மட்டும் பேசியிருக்கிறார் என்றால், சாமான் காசு கொந்தராத்துக்காரரின் கணக்கு வழியாக வராமல் நேரே கடைக்குப் போவது நல்லது. வந்தே தீருமென்றால் ஒப்பந்தத்தில் அதைப் பிரித்து எழுத வேண்டும்.

## டொலர் வருமானமும் 15 வீதமும்

வெளிநாட்டுக்குச் சேவை செய்து அந்நியச் செலாவணியில் வாங்கிய காசுக்கு 2025 மார்ச் 31 வரை வருமான வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் உண்டு, ஆனால் உச்ச வீதம் 15. செலவும் கழியும், 1,800,000 நிவாரணமும் கழியும், அடுத்த 1,000,000 க்கு 6 வீதமே. அதற்கு மேல்தான் 15. மேலே பார்த்த கொக்குவில்காரர் அதே தொகையை டொலரில் உழைத்திருந்தால் வரி 75,000. உள்ளூர் வருமானத்துக்கு வந்த 78,000 க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வரிக்குரிய வருமானம் 5,000,000 ஆக இருந்தால்தான் வேறுபாடு தெரியும்: உள்ளூர் உழைப்புக்கு 1,320,000, டொலர் உழைப்புக்கு 660,000.

இந்த வீதத்துக்கு நிபந்தனைகள் இருக்கின்றன:

1. சேவை இலங்கைக்கு வெளியே பயன்படுத்தப்பட வேண்டும்.
2. காசு அந்நியச் செலாவணியில் வர வேண்டும்.
3. வங்கி ஊடாக வர வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை எங்கள் ஊரில் பலரை விழுத்தும். ரொறன்ரோவில் இருந்து உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆள் மூலம் காசு மாற்றும் வழியில் வந்தால் காசு விரைவாகக் கையில் கிடைக்கும், மாற்று விகிதமும் ஒருவேளை கூட. ஆனால் அது ரூபாவாக, வங்கிக்கு வெளியே வந்த காசு. 15 வீத உச்சம் அதற்குப் பொருந்தாது.

முதலாவது நிபந்தனையை இன்னும் பலர் தவறாக விளங்குகிறார்கள். லண்டனில் இருப்பவர் பவுண்ஸ் அனுப்பிச் சுன்னாகத்தில் வீடு கட்டுவிக்கிறார். காசு வெளிநாட்டுக் காசுதான், வங்கி வழியாகத்தான் வருகிறது. ஆனால் வீடு நிற்பது சுன்னாகத்தில், அந்தச் சேவை பயன்படுவது இலங்கைக்குள். எனவே கொந்தராத்துக்காரருக்குச் சாதாரண வீதம்தான், 36 வரை. அதே ஆள் லண்டனில் கட்டப்போகும் வீட்டுக்கு இங்கிருந்து வரைபடம் கீறி அனுப்பினால் 15 வீத உச்சம் பொருந்தும். இரண்டு வேலையும் செய்பவர் வரவையும் செலவையும் இரண்டு கணக்காகவே வைத்திருக்க வேண்டும்.

சகோதரர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் காசு வேறு. அது உழைப்புக்கான கூலி அல்ல என்பதால் வியாபார வருமானம் ஆகாது. அதுவும் தொழில் காசும் ஒரே பாங்க் புத்தகத்தில் கலந்து கிடந்தால், எது எது என்று பிறகு காட்டுவது உங்கள் வேலை. இரண்டு கணக்குத் திறக்க அரை நாள் போதும்.

## எப்போது கட்டுவது

மாதாமாதம் வரி பிடிக்க முதலாளி இல்லாதவர் நான்கு தவணையில் தானே கட்ட வேண்டும். 2025/26 ஆண்டுக்கு அவை 2025 ஆகஸ்ட் 15, நவம்பர் 15, 2026 பெப்ரவரி 15, மே 15. மிச்சத்தை 2026 செப்ரெம்பர் 30 க்குள் கட்டி, விவரத்திரட்டை, அதாவது அந்த ஆண்டின் வருமானத்தையும் வரியையும் காட்டும் படிவத்தை, நவம்பர் 30 க்குள் இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டும். தவணையைக் கணிக்கும்போது பிடிபட்ட 5 வீதத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

பிந்தினால் மாதத்துக்கு 1.5 வீதம் வட்டி. விவரத்திரட்டே போடாவிட்டால் 50,000 ரூபாவும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 10,000 ரூபாவும், அல்லது கட்ட வேண்டிய வரியில் 5 வீதமும் மாதம் 1 வீதமும், இரண்டில் எது கூடவோ அது, 400,000 வரை. ஆண்டு ஒன்றில் நட்டம் வந்தால்கூடப் போடுவது நல்லது. அந்த நட்டத்தை அடுத்த ஆறு ஆண்டுகளின் இலாபத்தில் கழிக்கலாம், ஆனால் பதிவில் இல்லாத நட்டத்தை எங்கிருந்து கழிப்பது?

ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெற்றோல் நிலையமும் சுப்பர் மார்க்கெற்றும் கொடுக்கும் மெல்லிய துண்டுகள் யாழ்ப்பாண வெயிலில் ஓர் ஆண்டிலேயே வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதத்துக்கு ஒரு கோப்புறையில் போட்டுவிடுங்கள். அப்புறம், வரி இலக்கம் இன்னும் எடுக்காதவர் திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம். விளங்காவிட்டால் 1944 க்கு அழைத்துக் கேட்கலாம்.